சீஸ் பிடிக்குமாங்கிறது ஒரு கேள்வி, சைவமாங்கிறது வேற கேள்வி

 

நீளமான பதிவு. ஒரு கோப்பி போட்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்து படிங்க. கோபமா எழுதியிருக்கேன்னு சிலருக்குத் தோணும். ஆமா, கோபம்தான்.

சமய வகுப்புப் பிள்ளைங்களுக்கு உபயமா சீஸ் சாண்ட்விச் கொடுக்கலாமான்னு அன்னதானக் குழு வாட்ஸ்அப்புல ஒருத்தர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டது. ராத்திரிக்குள்ள நூத்துக்கு மேல மெசேஜ். ஒரு அண்ணன், "சீஸ்னா பாலு தானே, பாலு சைவம் தானே, இதுல என்ன கேள்வி?"ங்கிறார். ஒரு பெரியவர், "வெள்ளைக்காரன் சாமான் கோயில் வாசலையே மிதிக்கக் கூடாது"ங்கிறார். ஒரு அக்காவுக்கு மொஸரெல்லா ஓகே, செடார் வேண்டாம், உப்புக் கரிக்குதாம். ஒரு தம்பி புளூ சீஸ் படத்தைப் போட்டு பக்கத்துல வாந்தி எடுக்கிற பொம்மை. இன்னொருத்தர், "எதுக்கு இதெல்லாம், பனீர்தான் நம்ம பாரம்பரியம்"னு ஒரே போடு.

இத்தனை பேர் பேசினதுல ஒருத்தராவது கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டாங்களா? அந்தப் பாலை எதைப் போட்டு உறைய வச்சாங்க? இதை யாரும் கேட்கல. அவங்கவங்க நாக்குக்குப் பிடிச்சதைச் சைவம்னாங்க, பிடிக்காததைத் தீட்டுன்னாங்க. இதுதான் எனக்குக் கோபம்.

முதல்ல பிடிக்கிறது, பிடிக்காதது. அதுல நான் யாரையும் குறை சொல்ல வரல. எனக்கே பிடித்தம் உண்டு. நல்லா முதிர்ந்த செடார், கடிச்சா நாக்கோட ரெண்டு பக்கமும் கூசும் பாருங்க, அது பிடிக்கும். மமாக் கடையில தோசை மேல போடுற மஞ்சள் சீட்டு எனக்கு ஆகாது. சூடா இருக்கும்போது சரி, ஆறினா மேசை விரிப்பைக் கிழிச்சுத் தின்ன மாதிரி. ஆனா என் பிள்ளைங்களுக்கு அதுதான் உயிர். சீஸ் நான் வந்தா நூலா இழுத்து, யாரோடது நீளம்னு போட்டி. நான் என்ன செய்ய? அது அவங்க நாக்கு.

நம்ம ஊர்ப் பெரியவங்க சீஸைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறது எனக்கு எப்பவும் வேடிக்கை. ஒட்டுப்பால் மூட்டையைத் தோள்ல தூக்கினவங்கதானே நீங்க? மங்குல தானா உறைஞ்சு, வாரக்கணக்குல கிடந்து, லாரியில ஏத்தும்போது ரோட்டுக்கே அடிக்குமே ஒரு வாடை! அந்த வாடைக்குப் பழகின மூக்குக்கு புளூ சீஸ் எம்மாத்திரம்? புகை போட்ட சீஸ்னு ஒன்னு விக்கிறாங்க, வெளியே பழுப்பா இருக்கும். முதல் தடவை பார்த்தப்போ எனக்குப் புகைக்கூடத்துல தொங்கின ரப்பர் ஷீட்தான் ஞாபகம் வந்துச்சு.

சிரிப்புக்குச் சொல்லல. பேராக் தோட்டங்கள்ல வாழ்ந்தவங்களுக்கு சீஸ் எப்படி ஆகுதுன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குவாலா கங்சார்ல 1877-ல ரப்பர் கன்னு நட்ட காலத்துக்கு அப்புறம், இந்த மாநிலத்துல மூணு நாலு தலைமுறை பாலை உறைய வச்சே சோறு தின்னிருக்கு. மரத்துல வெட்டுன பாலை ஸ்டோருக்குக் கொண்டுவந்து வடிகட்டி, தண்ணி கலந்து, தொட்டியில ஊத்தி, ஃபார்மிக் ஆசிட் விடுவாங்க. மறுநாள் வெள்ளை வெளேர்னு கட்டி. அதை ரோலர்ல விட்டுத் தண்ணியைப் பிழிஞ்சு ஷீட்டாக்கிப் புகைக்கு அனுப்புவாங்க. ஆசிட் விடாம விட்டாலும் கிருமி வேலை செஞ்சு தானா உறையும், அதுதான் ஒட்டுப்பால். மாட்டுப்பாலும் இதே கதைதான். எலுமிச்சை பிழிஞ்சா பனீர். உறைமோர் விட்டா, அதுல இருக்கிற நல்ல கிருமி வேலை செஞ்சு தயிர். இந்த ரெண்டுலயும் உயிர்க்கொலை இல்ல.

மாட்டுப்பாலுக்கு மூணாவது வழி ஒன்னு இருக்கு. விஷயமே அங்கதான்.

தாய்ப்பால் குடிக்கிற கன்னுக்குட்டியோட நாலாவது வயித்துல ஒரு திரவம் ஊறும். குடிச்ச பாலு உடனே ஓடிடாம, கட்டியா நின்னு செரிக்கணும்னு இயற்கை அந்தக் குட்டிக்குக் கொடுத்தது. அதை எடுத்துப் பாலுல விட்டா, பாலு புளிக்காமலே அழகா இறுகும், மாசக்கணக்குல வச்சு முதிர வைக்கலாம். இதுக்குப் பேரு ரென்னெட். ஐரோப்பாவுல ரொம்பக் காலமா இப்படித்தான் சீஸ் செஞ்சாங்க. 1874-ல டென்மார்க்ல கிறிஸ்டியன் ஹான்சன்னு ஒரு வேதியியல்காரர் இதை ஆலைச் சரக்காவே விக்க ஆரம்பிச்சார். கன்னுக்குட்டியோட வயித்துக்குள்ள இருக்கிறதை எடுக்கணும்னா அந்தக் குட்டி உயிரோட இருக்க முடியாது. இதை நான் பூசி மெழுகிச் சொல்லப் போறதில்ல.

உடனே "அப்போ சீஸ் எல்லாமே அசைவம்"னு ஓடாதீங்க. அதுவும் தப்பு. கன்னுக்குட்டி வயிறு அவ்வளவா கிடைக்காததால 1960-கள்லயே ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து இதே வேலையைச் செய்யுற பொருளை எடுத்து ஆலைகள் விட ஆரம்பிச்சாச்சு. பாக்கெட்டுல 'மைக்ரோபியல்'னு போட்டிருக்கிறது அதுதான். அடுத்து, கன்னுக்குட்டியோட மரபணுவை மட்டும் ஒரு நுண்ணுயிருக்குள்ள வச்சு, அது ரென்னெட்டைச் சுரக்கிற மாதிரி செஞ்சாங்க. 1990-ல அமெரிக்க அரசு அனுமதி கொடுத்துச்சு. இன்னிக்கு ஆலையில செய்யுற செடார், மொஸரெல்லால ரொம்பப் பங்கு இந்த ரெண்டு வழியிலதான் வருது. மரபணு கன்னுக்குட்டியோடது தானேன்னு சிலர் கேப்பாங்க. அதுக்காக ஒரு குட்டியும் வெட்டுப்படறதில்ல, அதனால எனக்கு அது ஓகே. உங்களுக்கு மனசு ஒப்பலன்னா விட்டுடுங்க, வற்புறுத்த மாட்டேன்.

இப்ப ஒவ்வொன்னா வருவோம். பார்மசான்ல ஆரம்பிக்கிறேன், ஏன்னா நம்ம பிள்ளைங்க அதிகமா ஏமாறுறது இதுலதான். இத்தாலியில செய்யுற அசல் பார்மிஜானோ ரெஜ்ஜியானோவுக்குச் சட்டம் இருக்கு. கன்னுக்குட்டி ரென்னெட் மட்டும்தான் விடணும், வேற எதை விட்டாலும் அந்தப் பேரைப் போட முடியாது. கிரானா படானோவும் அதே வகை, கூடவே அதுல முட்டையிலிருந்து எடுத்த ஒரு பொருளும் சேர்ப்பாங்க. பெக்கொரினோ ரொமானோவுக்குச் செம்மறிக் குட்டி. ஐரோப்பாவுக்கு வெளியே பார்மசான்னு பேர் போட்டு டப்பாவுல வர்ற தூள் வேற மாதிரியும் இருக்கலாம், அதைப் பாக்கெட் பார்த்துத்தான் சொல்லணும். தைப்பூசத்துக்கு மாலை போட்டு 48 நாள் விரதம் இருக்கிற பிள்ளை, ஆபீஸ் நண்பர்களோட மால்ல உட்கார்ந்து "வெஜ் பாஸ்தா"ன்னு ஆர்டர் பண்ணுது. கறி இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல. மேல ஒரு கரண்டி தூள் தூவிக் கொண்டுவந்து வைப்பான். பிள்ளைக்குத் தெரியாது. அதை நான் திட்டவே மாட்டேன். புந்தோங்குல இருந்து கல்லுமலை வரைக்கும் காவடி தூக்குற அளவுக்குப் பக்தி இருக்கிற பிள்ளை அது. அதுக்குச் சொல்லிக் கொடுக்காம வாட்ஸ்அப்புல மொஸரெல்லா ருசியா செடார் ருசியான்னு பட்டிமன்றம் நடத்தின பெரியவங்களைத்தான் திட்டுறேன்.

அசல் எருமைப்பால் மொஸரெல்லா, இத்தாலியில கம்பானியாவுல செய்யுறது, அதுவும் கன்னுக்குட்டி ரென்னெட்தான். பீட்சா கடையில துருவிப் போடுற சாதா மொஸரெல்லா பெரும்பாலும் அப்படி இல்ல. பிரான்ஸோட ரொக்ஃபோருக்கும் குட்டி வயிறுதான், ஆனா நம்மள்ல அதைக் காசு கொடுத்து வாங்குறவங்க கம்மி, விடுங்க. கிரீம் சீஸ் பெரும்பாலும் தயிர் மாதிரி கிருமியால உறைஞ்சது, சில கம்பெனி மட்டும் கொஞ்சம் ரென்னெட் விடுவான். மஞ்சள் சீட்டு தனி ரகம். அது பல சீஸை உருக்கி, உப்புகள் சேர்த்து அச்சுல வார்த்தது. ஜேம்ஸ் கிராஃப்ட்னு ஒருத்தர் 1916-லயே இந்த மாதிரி முறைக்குக் காப்புரிமை வாங்கிட்டார். உள்ள போன சீஸ் எதுவோ, சீட்டும் அதுவே. அதனால சீட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, கவரைப் படிக்கணும்.

இன்னொரு மயக்கம், ஹலால் முத்திரை. சிலர் அதைப் பார்த்துட்டு "முத்திரை இருக்கு, சுத்தம்தான், கோயிலுக்கு வாங்கலாம்"னு எடுத்துடறாங்க. சிலர் அதே முத்திரையைப் பார்த்து "இது நமக்கில்ல"ன்னு வச்சுடறாங்க. ரெண்டு பேரும் முத்திரைகிட்ட தப்பான கேள்வி கேக்குறாங்க. அது முஸ்லிம் சகோதரர்களோட விதிக்கு அவங்க வச்சிருக்கிற ஒழுங்கான ஏற்பாடு. முறைப்படி அறுத்த கன்னுக்குட்டியோட ரென்னெட்டுக்கு அந்த விதியில இடம் உண்டு. அப்போ ஹலாலான சீஸ் சைவமாவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம்ம விரதத்துக்கு அந்த முத்திரை பதில் சொல்லணும்னு எதிர்பார்க்கிறது நம்ம சோம்பேறித்தனம். இதேதான் கப்புல விக்கிற பழத் தயிருக்கும். சிலதுல ஜெலட்டின் இருக்கும், ஹலால் ஜெலட்டின்னா அது மாட்டுலருந்து வந்ததா இருக்க வாய்ப்பு அதிகம். மாட்டைக் கும்பிடுற வீட்டு ஃபிரிட்ஜுல அது இருக்கு, யாரும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறதில்ல.

இனி "வெள்ளைக்காரன் சாமான்" கட்சி. ஐயா, மன்னிக்கணும், உங்களைவிட நான் சின்னவன். ஆனா தோட்டத்துல நீங்க குடிச்ச கட்டிப்பால் டின் எந்த ஊர்க் கண்டுபிடிப்பு? அன்னதானத்துக்குக் காலையில பசியாறலுக்கு ரொட்டியும் பட்டாணியும் போட்டப்போ ஏன் வாய் திறக்கல? வெள்ளைக்காரங்கள்லயே போர்ச்சுகல்ல செர்ரா டா எஸ்த்ரெலான்னு மலைப்பக்கத்து சீஸ் ஒன்னு இருக்கு. ஒரு முள்செடியோட ஊதாப்பூவை ஊற வச்ச தண்ணியிலதான் ஆட்டுப்பாலை உறைய வைக்கிறாங்க. குட்டியைத் தொடுறதே இல்ல. உங்க கணக்குப்படி அது கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. என் கணக்குப்படி தாராளமா வரலாம். வாங்குற விலைக்குத்தான் நம்ம உண்டியல் தாங்காது.

பனீர் கட்சிக்கும் ஒரு வார்த்தை. பனீர் சுத்த சைவம், எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரிச்சது, சமையல்கூடத்துக்கு அதுதான் பத்திரம். இதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா "நம்ம பாரம்பரியம்"ங்கிறீங்களே, எந்தத் தோட்டத்து லயத்துல உங்க பாட்டி பனீர் செஞ்சாங்க? பாலு திரிஞ்சு போச்சுன்னா வீட்டுல முகம் சுளிப்பாங்க, அதை சாமிக்கு வைக்கவே மாட்டாங்க. நம்ம பாட்டிமார் செஞ்சது தயிரும் மோரும் நெய்யும், மாடு கன்னு போட்டா சீம்பாலும். 'பன்னீர்'னு அவங்க சொன்னா அது அபிஷேகத்துக்கு ஊத்துற வாசனைத் தண்ணி. (போன வருஷம் ஒரு பொடிசு, "முருகனுக்குப் பனீர் அபிஷேகமா, பட்டர் மசாலாவோடவா?"ன்னு கேட்டுச்சு. குருக்களே சிரிச்சுட்டார்.) திரிச்ச பாலை இனிப்பாக்கி சாமிக்குப் படைக்கிறது வடக்கு, கிழக்குப் பக்கத்து வழக்கம். பூரி ஜெகந்நாதர் கோயில்ல நீலாத்ரி பிஜே அன்னிக்கு மகாலட்சுமிக்கு ரசகுல்லா படைக்கிறாங்க. அந்த ரசகுல்லா யாரோடதுன்னு வங்காளமும் ஒடிசாவும் வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, 2017-ல வங்காளமும் 2019-ல ஒடிசாவும் தனித்தனியா புவிசார் குறியீடு வாங்கின கதை தெரியுமா? அவங்க சண்டை போட்டதுலயாவது ஒரு நியாயம் இருக்கு, அது அவங்க ஊர்ப் பண்டம். நமக்குப் பனீரும் வந்த சரக்கு, செடாரும் வந்த சரக்கு. ஒன்னு வட இந்தியக் கடை வழியா வந்துச்சு, இன்னொன்னு சூப்பர்மார்க்கெட் வழியா வந்துச்சு. பனீர் பிடிக்கும்னா பிடிக்கும்னு சொல்லுங்க, போதும். அதுக்கு மேல விபூதி பூசாதீங்க.

அடுத்து ஒரு தம்பி கேட்டது. "அண்ணே, பாலுக்காக வளர்க்கிற பண்ணையில காளைக்கன்னு எங்க போகுது? அதுவும் வெட்டுக்குத்தானே? அப்போ ரென்னெட்டை மட்டும் ஏன் பிடிச்சுத் தொங்குறீங்க?" நல்ல கேள்வி, கூட்டத்துலயே நேர்மையான கேள்வி. பெரிய பண்ணைகள்ல காளைக்கன்னுக்கு நடக்கிறது அதுதான், மறைக்க ஒன்னுமில்ல. அதை நினைச்சுப் பாலையே விட்டவங்க நம்ம கோயில்லயும் ரெண்டு மூணு பேர் இருக்காங்க, அவங்களுக்குத் தனியா மோர் இல்லாத சாப்பாடு எடுத்து வைக்கிறோம். ஆனா தம்பி, நீ பாலை விட்டுட்டு வந்து இதைக் கேட்டா தலை வணங்குவேன். தே தாரிக் குடிச்சுக்கிட்டே கேக்குறே. பாலுல இருக்கிறது மனசாட்சிக்கு ஒரு பாரம்னா, ரென்னெட் அந்தக் குட்டியோட உடம்பே பாத்திரத்துல விழறது. மாலை போட்டவனுக்கு இந்த ரெண்டும் ஒன்னாத் தெரியாது.

"தெரியாம சாப்பிட்டா பாவமில்ல"ன்னு ஒரு பதில் எப்பவும் வரும். சாப்பிடுறவருக்கு அது சரி. சமைக்கிற நமக்குச் சரியில்ல. வீட்டுல நீங்க என்ன சீஸ் திங்கிறீங்கன்னு நான் எட்டிப் பார்க்க மாட்டேன், புளூ சீஸைச் சப்பாத்தியில சுருட்டித் தின்னுங்க. அன்னதானம் அப்படி இல்ல. புரட்டாசி சனிக்கிழமை வர்ற பாட்டி, தோட்டம் மூடினப்போ ஈப்போ அடுக்குமாடிக்கு வந்தவங்க, அறுபது வருஷமா சைவம். இலையில என்ன விழுந்தாலும் "இதுல என்ன போட்டிருக்கீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. கோயில் சாப்பாடுங்கிற ஒரே நம்பிக்கையில கையை நனைக்கிறாங்க. வெளியே கடையில சாப்பிட்டா கேப்பாங்க, இங்க கேக்க மாட்டாங்க. அவங்க கேக்காததையும் சேர்த்து நாமதானே கேக்கணும்? "பாலு தானே"ன்னு ஒரு வார்த்தையில முடிக்கிறவங்களை நான் சமையல்கூடத்துப் பக்கம் விட யோசிக்கிறது அதனாலதான். பக்தி இல்லாதவங்கன்னு இல்ல, பாக்கெட் படிக்காதவங்க.

வெளியே சாப்பிடுறவங்களுக்கு: விரத நாள்ல சீஸ் நான், சீஸ் தோசை, சீஸ் தூள் போட்ட முறுக்கு வேண்டாம். கடைக்காரருக்கே அது எந்த சீஸ்னு தெரியாது, பாவம், அவரைக் கேட்டுக் குடைஞ்சு பிரயோஜனம் இல்ல. விரதம் முடிஞ்சதும் வயிறு நிறையத் தின்னுங்க.

உபயம் கொடுக்கிறவங்களுக்கு: பாக்கெட்டைப் பிரிக்காம கொண்டு வாங்க. வாங்குறதுக்கு முன்னாடியே பொருள் விவரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினா இன்னும் நல்லது. 'மைக்ரோபியல் ரென்னெட்', 'நான் அனிமல் ரென்னெட்', 'வெஜிடேரியன் ரென்னெட்', மலாய்ல 'செசுவாய் உந்துக் வெஜிடேரியன்', இதுல ஏதாவது ஒன்னு இருந்தா எடுத்துக்குவோம். ஆஸ்திரேலியாவுலருந்து வர்ற பல பாக்கெட்டுல 'நான் அனிமல்'னு தெளிவாவே போட்டிருப்பான். இந்தியாவுல அமுல் தன் சீஸுக்கு மைக்ரோபியல் ரென்னெட்னே சொல்றான். லஹாட் ரோடு கடைகள்ல இந்தியச் சரக்கு வாங்கினா பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. வெறும் 'ரென்னெட்'னோ 'என்சைம்'னோ மட்டும் போட்டிருந்தா கடையிலயே வச்சுட்டு வாங்க. கம்பெனிக்கு ஈமெயில் போட்டுக் கேக்குறவங்க கேளுங்க, பதில் வந்தா குழுவுல போடுங்க, எல்லாருக்கும் உதவும்.

சீஸ் சாண்ட்விச்சுக்கு என் பதில்: பாக்கெட் சரியா இருந்தா ஓகே. எந்த சீஸ்ங்கிறதைப் பிள்ளைங்களே சொல்லட்டும், பெரியவங்க ஓட்டு அதுல செல்லாது.